கூலி எவ்வளவு, நாற்காலி உண்டா?

கேரளத்துக்குள் எல்லையோரமாக இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு வேலைக்குப் போக இரண்டு திசை. ஒரு பக்கம் வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. பஸ் கோவை உக்கடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். இன்னொரு பக்கம் கஞ்சிக்கோடு, பாலக்காட்டுச் சீமையின் தொழிற்பேட்டை. தமிழ்ப் பள்ளியில் படித்து, மலையாளத்தில் ரேஷன் வாங்கி, சினிமாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோவைக்குப் போகிற ஊர் இது. படிப்பு முடித்த பிள்ளைகளின் கையில் சில சமயம் இரண்டு மாநிலத்து ஆஃபர் லெட்டரும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

பதினாறு வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். முதல் ஏழு வருடம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனி, அடுத்த ஒன்பது வருடம் கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலை. அதனால் தெருவில் யாருக்கு ஆஃபர் லெட்டர் வந்தாலும் அது ஒருமுறை என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டுத்தான் போகும். சமீபத்தில் வந்தது பக்கத்து வீட்டுப் பெண். ஒரு கடிதம் கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்துடையது, வருடத்துக்கு 4,20,000. மற்றது கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையின் கணக்குப் பிரிவு, மாதம் 24,000, வருடத்துக்கு 2,88,000.

"இதுல ரோசனை பண்ண என்னங்கண்ணா இருக்குது?" என்றார் அவள் அம்மா. இருந்தது.

முதலில் அந்த 4,20,000-ஐ உரித்துப் பார்க்க வேண்டும். அது சம்பளம் அன்று, சி.டி.சி. அவளை வைத்துக்கொள்ள நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு அது. மாதத்துக்கு 35,000 வருகிறது. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) பங்கு 1,800 அடக்கம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று 842 எழுதியிருந்தார்கள். நிரந்தர ஊழியர் அதைப் பார்க்க ஐந்து வருடம் அதே இடத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். குழுக் காப்பீட்டுக்கு 500. 'வேரியபிள் பே' என்று 3,500. வருடக் கடைசியில் மேலாளர் மனது வைத்தால் வருவது. இவ்வளவும் போனால் மிச்சம் 28,358. அதில் அவள் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி மாதத்துக்குச் சுமார் 208. கைக்கு வருவது 26,350.

கஞ்சிக்கோட்டுக் கடிதத்தில் இந்த வித்தை இல்லை. 24,000-இல் பி.எஃப்., தொழில்வரி போக 22,000 சொச்சம். வருடக் கணக்கில் 1,32,000 தூரம் இருந்த இரண்டு வேலையும் கைக்கு வரும்போது மாதம் 4,350 தூரத்துக்கு வந்துவிட்டன.

இந்த உரித்தலில் சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ் அலவன்ஸாகப் பிரித்துப் போட்டு அடிப்படைச் சம்பளத்தை நோஞ்சானாக்க முடியாது. ஊதியக் கணக்கில் சேராத படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். கிராஜுவிட்டி இதனால் கூடும். நிர்ணயகால ஒப்பந்தத்தில் சேருபவர்களுக்கு அது ஒரு வருடத்திலேயே உண்டு. கையில் வருவது சிலருக்குச் சற்றுக் குறையவும் செய்யலாம். குறைந்தால் கோபப்பட வேண்டாம், அந்தப் பணம் வேறு பைக்குப் போயிருக்கிறது.

அடுத்து நேரம். ஊரிலிருந்து உக்கடம், அங்கிருந்து நகரத்தின் மறுகோடியில் சரவணம்பட்டி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஆபீஸில் ஒன்பது மணி நேரம் என்று கடிதம் சொல்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஊர்ப் பையன் பத்தரை என்றான். ஆக ஒரு நாளைக்கு பதினாலரை. இரண்டு சனிக்கிழமை சேர்த்து மாதம் 24 நாள் என்றால் 348 மணி நேரம். பஸ், மதியச் சாப்பாடு என்று 3,500 கழித்தால் மிஞ்சுவது 22,850. மணிக்கு 66 ரூபாய்கூட முழுதாக வரவில்லை.

கஞ்சிக்கோட்டுக்கு முக்கால் மணி நேரம். எட்டரை மணி நேர வேலை, போக வர ஒன்றரை. மாதம் 25 நாள், 250 மணி நேரம். செலவு 1,500 போக 20,500. மணிக்கு 82 ரூபாய்.

அவள் அம்மா காகிதத்தைக் கையில் வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

நேரத்துக்கு நான் இவ்வளவு கணக்குப் பார்ப்பதை சிலர் கஞ்சத்தனம் என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்றது அது. அந்தச் சரவணம்பட்டிப் பையனின் வாரம், சனிக்கிழமை வேலை இருந்தால், 63 மணி நேரம். பஸ்ஸில் நிற்பதை இதில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஆலைக்கு வந்தபோது தெரு கொதித்தது. கண்ணாடிக் கட்டடங்களில் அதே கணக்கு சத்தமில்லாமல் நடக்கிறது.

இனி 'கம்பெனி எப்படி' என்கிற கேள்வி. எங்கள் ஊரில் யாரும் பணியிடக் கலாசாரம் என்று சொல்ல மாட்டார்கள். 'ஆளு எப்படி?', 'மேஸ்திரி எப்படி?', 'லீவு கேட்டா தருவானா?', 'ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துருமா?' என்று கேட்பார்கள். எனக்கு இந்தச் சொற்களே போதும். காபி மெஷின், பிறந்தநாள் கேக், வெள்ளிக்கிழமை கலர் டிரஸ் இவற்றைக் கலாசாரம் என்று விளம்பரத்தில் போடுகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கேக் வெட்டிய அதே மேஜையில் ஒருவனை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசியதையும் பார்த்திருக்கிறேன்.

1776-லேயே பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: அருவருப்பான, அபாயமான, மதிப்புக் குறைந்த வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டுமென்றால் கூலி கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். எங்கள் சித்தூர் தாலுகாவில் இதற்குக் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குப் பெருமளவு கள் போவது இங்கிருக்கும் தென்னந்தோப்புகளில் இருந்துதான். தினமும் தென்னை ஏறுவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். வருமானம் மோசமில்லை, 1969-லிருந்து தனிச் சட்டத்தின்கீழ் நலநிதியும் இருக்கிறது. ஆனாலும் ஏறுகிறவரின் மகன் ஏறுவதில்லை. இருபதாயிரத்துக்குச் சட்டை கசங்காத வேலை போதும் என்கிறான். ஸ்மித் சொன்னபடி, அந்தக் கூடுதல் கூலி மானத்துக்கு ஈடாக வந்தது. மகன் அதை வேண்டாம் என்கிறான்.

ஆனால் அந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போக முடிகிறவனுக்குத்தான் அது பொருந்தும். போக முடியாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் இந்த வட்டாரமே பார்த்திருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று ஓடியது. பதின்வயதுப் பெண்களை மூன்று வருடம் ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்குவார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று சில பத்தாயிரம் ரூபாய் மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. அந்தத் தொகை நகைக்கடைக் காலண்டர் மாதிரி அப்பா அம்மா கண்முன் தொங்கும். இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்தால் பல இடங்களில் அந்தத் தொகை இல்லை. விடுதிக் கேட் தாண்ட அனுமதி வேண்டும், போன் பேச அனுமதி வேண்டும். சம்பளம் என்ற எண் ஒரு வேலையின் மற்ற எல்லாவற்றையும் எப்படி மறைக்கும் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் எனக்குத் தெரியாது. இன்றைய 'வேரியபிள் பே', 'ஜாயினிங் போனஸ், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போனா திருப்பித் தரணும்' போன்றவற்றில் அதன் ஜாடை எனக்குத் தெரிகிறது. கோட்டு போட்ட ஜாடை.

நாற்காலிக்கு வருகிறேன். கோவை ஒப்பணக்காரத் தெருவிலோ பாலக்காட்டிலோ பெரிய ஜவுளிக்கடைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே இருப்பார்கள். கூட்டம் இல்லாதபோதும் உட்காரக் கூடாது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களின் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் போராடினார். அவர்கள் முதலில் கேட்டது சம்பள உயர்வு இல்லை. ஒன்றுக்குப் போக ஒரு இடம், உட்கார ஒரு ஸ்டூல். 2018-இல் கேரளம் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை எழுதிவைத்தது. 2021-இல் தமிழ்நாடும் தன் சட்டத்தில் அதைச் சேர்த்தது. மூன்று வருட இடைவெளியில் வாளையார் எல்லைக்கு இப்பக்கம் ஒரு பெண் உட்காரலாம், அப்பக்கம் அதே சேலையை விற்கிறவள் நிற்க வேண்டும் என்று இருந்தது.

கலாசாரம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பாதி, யாராவது சண்டை போட்டால் சட்டமாகிவிடுகிற சங்கதி. வார விடுமுறை அப்படி வந்தது, பேறுகால விடுப்பு அப்படி வந்தது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்க் குழு 2013-இல் அப்படித்தான் வந்தது. சண்டை போடாத பாதிதான் ஆஃபர் லெட்டருக்கு வெளியே கிடக்கிறது.

கேரளம் என்றால் யூனியன் பார்த்துக்கொள்ளும் என்று கோவைப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை, அல்லது பயம். ரிசர்வ் வங்கி தரவின்படி 2022-23இல் கேரளத்தில் விவசாயத் தொழிலாளியின் நாள்கூலி சுமார் 764 ரூபாய், இந்தியச் சராசரி சுமார் 346. இந்த வித்தியாசத்தில் யூனியனின் பங்கு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்ப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் குறைக்கப்பட்ட கோபம் அது. 20 சதவீத போனஸும், 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்கவும் கேட்டார்கள். போனஸ் கிடைத்தது, கூலி பிறகு 301-இல் நின்றது. கூட்டத்துக்கு வந்த யூனியன் தலைவர்களை அவர்கள் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. தலைவர் வீடும் எங்கள் லயமும் ஒன்றா என்பதுதான் அவர்கள் கேட்டது. யூனியனும் பணியிடத்தின் ஒரு பகுதிதான், அதுவும் கெட்டுப்போகும்.

சம்பளத்தைவிடச் சூழல் பெரிது என்பதற்குப் படித்தவர்கள் பக்கத்திலும் எண்கள் உண்டு. அமெரிக்காவில் 2021-இல் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டவர்களை ஆராய்ந்து, எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டொனால்ட் சல்லும் உடனிருந்தவர்களும் 2022 ஜனவரியில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆட்கள் விலகிப்போவதை முன்கூட்டிச் சொல்வதில் நச்சுச் சூழல் என்ற காரணம், சம்பளத்தைவிட 10.4 மடங்கு வலுவானது என்பது அது. இந்த எண்ணை எச்.ஆர். ஆட்கள் மேடைக்கு மேடை சொல்வார்கள். எனக்கு ஒரு தயக்கம். ஒரே துறை நிறுவனங்களை ஒப்பிட்ட ஆய்வு அது. ஒரே துறைக்குள் சம்பளம் பெரிதாக வேறுபடாது, எனவே சூழல் துருத்திக்கொண்டு தெரியும். 12,000 வாங்குகிற செக்யூரிட்டியிடம் போய் சம்பளத்தைவிடச் சூழல் பத்து மடங்கு முக்கியம் என்றால் விசிலாலேயே அடிப்பார். வீட்டுக்கடனும் அப்பாவின் டயாலிசிஸும் இருக்கிறவன் கெட்ட வாய் மேலாளரிடம் இரண்டு வருடம் இருந்து கடனை அடைத்தால், அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை மாதம் என்று காலண்டரில் குறித்துவைத்துக்கொள் என்று மட்டும் சொல்வேன்.

சேருவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்வது இரண்டு மூன்று வேலை. பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதப் பணத்தை எந்தத் தேதியில் கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று பார்க்கலாம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம். ஊழியர் பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்துக் கட்டுகிற இடத்தில் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கை ஜனவரியில் 140, ஜூனில் 95 என்று இருந்தால் அதற்கும் ஒரு கதை உண்டு. சம்பளப் பட்டியல் போட்ட என் அனுபவத்தில் ஒரு கம்பெனியின் குணம் தெரிகிற இடம், விலகிப்போகிறவனின் கணக்கைத் தீர்க்கிற இடம். புதிய சட்டத்தில் இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில், முதலாளியிடம் கோபித்துக்கொண்டு போனவனின் கோப்பை அலமாரிக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். நானே வைத்திருக்கிறேன். அதனால், அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்து, 'பைசா ஒழுங்காக் குடுத்தாங்களா?' என்று கேட்பது வெப்சைட்டில் நட்சத்திரம் பார்ப்பதைவிட மேல்.

கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையும் நல்ல பல்கலைக்கழகம். ஷிப்ட் முடிகிற நேரத்தில் போய் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

பாண்டு, அதாவது இத்தனை வருடம் இருப்பேன் என்று எழுதித் தரும் ஒப்பந்தம், கேட்டால் ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எல்லாப் பாண்டும் செல்லும் என்று அர்த்தமில்லை. ஆனால் 'அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி' என்று எச்.ஆர். சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டாம். அசல் சான்றிதழைக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

என் கணக்கில் வராத ஒன்றைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நானே சொன்னேன். சரவணம்பட்டி வேலையில் மூன்று வருடம் கற்றுக்கொண்டால் சம்பளம் இரட்டிப்பாக வாய்ப்புண்டு, கஞ்சிக்கோட்டில் வருடத்துக்கு ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏறும். மறுபக்கம், இரவு ஒன்பது மணிக்கு உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கஞ்சிக்கோடுதான் என்பது என் தீர்ப்பு.

மூன்றாம் நாள் வந்தாள். "நான் கோயமுத்தூரே போறேன் மாமா."

ஏன் கண்ணு என்றேன்.

"நீங்க போட்ட கணக்கெல்லாம் சரிதான். கஞ்சிக்கோட்டு இன்டர்வியூல நான் மலையாளத்துல பேசினேன். எனக்குத் தெரிஞ்ச மலையாளம். ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. வெளிய வர்றப்ப 'பாண்டி' ன்னு ஒருத்தர் சொன்னது காதுல விழுந்துச்சு."

தமிழரை மட்டம்தட்ட மலையாளத்தில் சொல்கிற சொல் பாண்டி. அந்தப் பக்கம் போனால் பாண்டி, கோவைப் பக்கம் போனால் மலையாளத்தான் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்டுப் பழகியது. ஒன்பது வருடம் அதே கஞ்சிக்கோட்டில் நானும் கேட்டு, சிரித்து, கேட்காத மாதிரி இருந்திருக்கிறேன். கோவையில் அவளை மலையாளத்துப் பொண்ணு என்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "சொல்லட்டும், அங்க எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியும்" என்றாள்.

தினமும் போய் வர வேண்டாம், விடுதியில் தங்கிக்கொள் என்றேன். சாப்பாட்டோடு 7,500 என்று போட்டேன். நேரம் ஒரு நாளைக்குப் பதினொரு மணியாகக் குறைந்தது; 18,850-ஐ 264 மணி நேரத்தால் வகுத்தால் 71 ரூபாய். கஞ்சிக்கோட்டுக்கு இன்னும் 11 ரூபாய் குறைவு. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங் மாமா" என்று காகிதத்தை மடித்து ஆஃபர் லெட்டரோடு வைத்துக்கொண்டாள்.